அரைப் பங்கு கேட்ட சிஸ்டர்

மீன் ஏலம் முடிந்தும் கூட்டம் கலையாத காலை நேரம். சாம்பல் நிறச் சேலையின் ஓரம் ஈர மணலில் ஊற, சிஸ்டர் வள்ளக்காரர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, "எங்களையும் உங்க வள்ளத்துல ஒரு ஆளாச் சேத்துக்கிடுங்க. முழுப் பங்கு வேண்டாம், அரைப் பங்கு போதும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சிரித்திருந்தால் நாங்களும் கூடச் சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போயிருக்கலாம். அந்த மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் காலால் மணலைத் தள்ளிக்கொண்டே இருந்தார். நான் கொஞ்சம் விலகி, செருப்பைக் கையில் பிடித்தபடி, இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் அந்த ஜீப்பின் நர்ஸ். சவூதியில் பல வருடம் ஐ.சி.யு.வில் வேலை பார்த்துவிட்டு, அம்மாவுக்கு முடியாமல் போனதால் சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். நாங்கள் மிஷன் காலத்திலிருந்தே புராட்டஸ்டண்ட் குடும்பம். நான் வேலைக்குச் சேர்ந்ததோ கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய இடம். ஞாயிற்றுக்கிழமை நம்ம சபை, திங்கட்கிழமையிலிருந்து அவர்கள் சபையா என்று மாமா சீண்டிக்கொண்டே இருப்பார். ஆஸ்பத்திரி என்று சொல்ல அங்கே ஒன்றும் கிடையாது. கடற்கரை ஊர்களில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் வேலை. புண் கட்டுவோம், ட்யூப் மாற்றுவோம், வலிக்கு மருந்து கொடுப்போம், எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்போம். ஒரு பழைய ஜீப், இரண்டு நர்ஸ், ஒரு டிரைவர், எங்கள் எல்லோருக்கும் மேலே இயக்குநராக சிஸ்டர்.

நாங்கள் பார்த்தவர்களில் ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நாற்பது வயதைத் தாண்டாத மீனவர். வள்ளத்தைக் கரைக்கு ஏற்றும்போது அலை திருப்பி அடித்து, வள்ளத்தின் விளிம்பு முதுகில் மோதியதில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. நான் முதலில் பார்த்தபோது அவர் இடுப்பின் பின்புறம் என் முஷ்டி உள்ளே போகும் அளவுக்குப் புண் இருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய்க் கழுவிக் கட்டினோம். ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகச் சதை வளரக் கண்ட அன்று நானும் அவர் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். எதற்குச் சிரிக்கிறோம் என்று, குப்புறப் படுத்திருந்த அவருக்குத் தெரியவில்லை. ஜீப் இரண்டு வாரம் வராமல் போனால் அந்தச் சதை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த நாட்களில் எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

அப்படி இருக்கும்போதுதான் பணம் நின்றது. எங்களைத் தாங்கிவந்தது ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஊரின் கோயில் மக்கள். அங்கே வயதானவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர, இளையவர்கள் கோயில் பக்கமே வராமல் போக, கடைசியில் கட்டடத்தையே விற்றுவிட்டார்கள். இனி உதவ முடியாததற்கு மிகவும் வருந்துவதாகவும், எங்களை ஜெபத்தில் நினைத்துக்கொள்வதாகவும் சொல்லி அனுப்பினார்கள். ஜெபத்தை டீசல் டாங்கில் ஊற்ற முடியுமா என்று நான் கேட்டேன். சிஸ்டர் முறைத்தார்.

செயற்குழு கூடியது. காலண்டர் அடித்து விற்கலாம் என்றார் ஒருவர். இசை இரவு நடத்தலாம், பரிசுக் கூப்பன் போடலாம் என்றார்கள். வளைகுடாவில் இருக்கும் நம் ஊர் ஆட்களை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து நோயாளிகளின் படங்களைப் போட்டால் பணம் கொட்டும், புண் நன்றாகத் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார். சிஸ்டருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவர் குரல் உயராது, தாழ்ந்துபோகும். அந்தப் புண்கள் நம்முடையவை அல்ல, காட்டிக் காசு வாங்க நமக்கு உரிமை இல்லை என்று மட்டும் சொன்னார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சிஸ்டர் மலையடிவாரத்தில், குலசேகரத்துக்குப் பக்கத்தில் ரப்பர் வெட்டும் குடும்பத்தில் பிறந்தவர். கடலைப் பார்த்தாலே தலை சுற்றும் என்பார். எதைச் சொன்னாலும் அவருக்கு ரப்பர் மரத்தில் போய்த்தான் நிற்கும். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும், "காலண்டர் வித்தா ஒரு வருசம் ஓடும் மக்கா. நமக்கு தினசரி சொட்டணும். பாலு புடிக்க சிரட்டை நிறையாட்டாலும் சொட்டிக்கிட்டே இருக்கணும்" என்றார். நாகர்கோவிலில் தொண்டு நிறுவனங்களுக்காக நடந்த ஒரு நிதி திரட்டும் பயிற்சிக்கு அவரை அனுப்பிவைத்தார்கள். கழுத்தில் பெயர் அட்டையும் கையில் கனத்த ஃபைலுமாகத் திரும்பினார். என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். புதுமையாக யோசிக்க வேண்டுமாம், கொடுப்பவர்களைக் கூட்டாளிகளாக்க வேண்டுமாம். எப்படி என்பதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டதாம்.

அந்த வழியை அவர் கடற்கரையில்தான் யோசித்து எடுத்தார். நாங்கள் போகும் ஊர்களில் வள்ளம் கரை சேர்ந்து மீன் ஏலம் போனதும், எண்ணெய்ச் செலவு கழித்து, வள்ளத்துக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் எடுத்துவைத்து, மிச்சத்தைப் போன ஆட்களுக்குள் பங்கு பிரிப்பார்கள். சனிக்கிழமைதோறும் அந்த வாரத்தின் பங்கு கைக்கு வரும். இதை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டே கடந்து போயிருக்கிறோம். சிஸ்டருக்கு மட்டும்தான் அந்த இடத்தில் போய் நிற்கத் தோன்றியது. நன்கொடை என்று கேட்டிருந்தால் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அன்றைக்கே அனுப்பியிருப்பார்கள். அவர் ஆளாகச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். கரையில் அடிபட்டுக் கிடக்கும் உங்கள் ஆட்களை நாங்கள் பார்க்கிறோம், அதுவும் வள்ளத்து வேலைதானே என்று கேட்டார். மணலைத் தள்ளிக்கொண்டிருந்த வள்ளக்காரர்தான் முதலில் தலையாட்டினார். எங்கள் நோயாளி அடிபட்டது அவருடைய வள்ளத்தில். அவர் ஆட்டியதும் மற்றவர்களும் ஆட்டினார்கள்.

நன்றாகத்தான் ஓடியது. சாளை மீன் நிறையப் பட்ட வாரம் எங்களுக்கும் கை நிறைந்தது, காற்றடித்த வாரம் காய்ந்தது. ஆனால் சொட்டிக்கொண்டே இருந்தது. இன்னொன்றும் நடந்தது. அதுவரை எங்களைப் பார்த்தால் எழுந்து நின்று வணக்கம் சொன்ன ஊர், இப்போது அதட்ட ஆரம்பித்தது. ஜீப் ஏன் நேற்று வரவில்லை, எங்க மாமிக்கு மருந்து ஏன் மாற்றினீர்கள், டிரைவர் ஏன் இந்த வேகத்தில் போகிறார் என்று வழிமறித்துக் கேட்டார்கள். எனக்கு எரிச்சலாக வரும். சிஸ்டர் பூரித்துப்போவார். கூட்டாளி என்றால் கேள்வி கேட்கத்தானே செய்வான் என்பார்.

கடல் கொந்தளிக்கும் ஆடி மாதத்தில், முதலில் தலையாட்டியவரின் வள்ளம் கரையை அடுத்த அலையில் கவிழ்ந்தது. ஆட்கள் நீந்திக் கரையேறினார்கள், எஞ்சின் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து வள்ளக்காரர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். துவைத்த சட்டை போட்டிருந்தார். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "கேக்கதுக்கு கூச்சமாத்தான் இருக்கு சிஸ்டர். எஞ்சின் நட்டத்த எல்லா ஆளுக்கும் பங்குபடி வச்சாச்சு. அரைப் பங்குக்கு உள்ளத நீங்களும் போடணும்னு பயலுவ சொல்லுகானுவ."

நான் சிஸ்டரைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. அவருக்கு இது தெரியாது. அவர் ஊர்ப் பக்கம் பங்குக்கு ரப்பர் பால் வெட்டுகிறவர் தலையில், காற்றில் மரம் விழுந்த நட்டத்தை யாரும் கட்டுவதில்லை. இங்கே அந்த ஊரின் வள்ளங்களில் மீனிலும் பங்கு, முங்கிப்போனதிலும் பங்கு. மலையிலிருந்து வந்த ஒருவர்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். கரையில் பிறந்தவர் யாராக இருந்தாலும் பங்கு என்று கேட்பதற்கு முன்னால் நூறு தடவை யோசித்திருப்பார்.

அவசரமாகச் செயற்குழு கூடியது. பொருளாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கறாரான மனிதர், டிரைவர் குடித்த டீக்குக் கூடக் கணக்குக் கேட்பார் என்று நாங்கள் அவரைக் கிண்டல் செய்வதுண்டு. அன்று அவர் குரல் நடுங்கியது. நோயாளிகளுக்கு என்று வந்த பணத்தில் ஒருவருடைய எஞ்சினுக்கு ஒரு பைசா கொடுக்க முடியாது, சட்டமும் இடம் தராது, மனச்சாட்சியும் இடம் தராது என்றார். இன்று எஞ்சின், நாளை வலை, மறுநாள் வள்ளமே முங்கினால் நோயாளிகளின் மருந்தை விற்றுக் கொடுப்பீர்களா என்று கேட்டார். யாரைக் கேட்டு இந்த ஏற்பாட்டுக்குப் போனீர்கள் என்று தலைவரும் கேட்டார். சிஸ்டர் சண்டை போடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, பொருளாளர் சொல்வது சரி என்றார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வெளியே வந்ததும், அப்படியானால் அந்தப் புண்ணை யார் கட்டுவது என்று அவரிடமே கேட்டேன். "நாளைக்கு நீயும் வா" என்றார்.

மறுநாள் மத்தியானம் வலைக்கூடத்துக்குப் போனோம். கடலுக்குப் போக முடியாத நாட்களில் ஆண்கள் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்து வலையைச் சரிபார்ப்பார்கள். மற்ற வள்ளக்காரர்களும் வந்திருந்தார்கள். இந்த வள்ளம் என்ன முடிவு எடுக்கிறதோ அதுதான் தங்கள் முடிவும் என்று எங்கள் காதில் விழும்படியே பேசிக்கொண்டார்கள். கூடத்தின் ஓரத்தில் மீன் விற்கும் பெண்கள் சிலர் நின்றார்கள். எங்கள் நோயாளியின் மனைவியும் அவர்களில் ஒருத்தி. மீன் சுமக்கும் காலிச் சருவத்தை அவள் இடுப்பில் வைத்திருந்தாள்.

சிஸ்டர் சுற்றி வளைக்கவில்லை. நோயாளிகளுக்கு வந்த பணத்தை எஞ்சினுக்கு எடுக்க முடியாது என்றார். பங்கு கேட்டபோது நட்டத்திலும் பங்கு உண்டு என்பது தனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளாமல் கேட்டது தன் தப்பு என்றார். நல்லதில் மட்டும் பங்கு வேண்டும் என்று இனிமேலும் உங்கள் முன்னால் வந்து நிற்க முடியாது, அதனால் எங்களை வள்ளத்திலிருந்து இறக்கிவிடுங்கள் என்றார். இவ்வளவு பேர் முன்னால் தன் கையாலேயே பணம் வரும் குழாயை அடைக்கிறாரே என்று எனக்கு இருந்தது.

இளவட்டம் ஒருவன் வலையைக் கீழே போட்டான். "அப்பம் இவ்வளவு நாளும் வாங்கினது பிச்சைதானே. பிச்சைன்னு சொல்லிட்டு வாங்கியிருக்கலாமே" என்றான். யாரும் அவனை அடக்கவில்லை. சிஸ்டரின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அந்தப் பிடி எனக்கு வலித்தது.

அப்போதுதான் அந்தப் பெண் சருவத்தைக் கீழே வைத்துவிட்டு நடுவில் வந்தாள். சிஸ்டரைப் பார்க்கவே இல்லை, வள்ளக்காரரைப் பார்த்துப் பேசினாள். "எனக்க மாப்பிள எங்க அடிபட்டாரு? உங்க வள்ளத்துல. கொஞ்ச நாளு அவருக்க பங்க தந்திய. பொறவு அந்த எடத்துல வேற ஆள ஏத்திட்டு நிறுத்திட்டிய. நான் வாய் தொறந்தனா? அந்தப் பங்கு இருந்துதுன்னா இவிய உங்ககிட்ட வந்து அரைப் பங்கு கேக்க வேண்டிய தேவை என்ன?" என்றாள். அவள் கத்தவில்லை. மீனுக்கு விலை சொல்லும் குரலில்தான் சொன்னாள். வள்ளக்காரர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். எங்களைப் பார்த்து, பேசிவிட்டுச் சொல்கிறோம், இப்போது போங்கள் என்றார். போகச் சொன்ன விதம் நன்றாக இல்லை.

சனிக்கிழமை வந்தது, எந்த வள்ளத்திலிருந்தும் எதுவும் வரவில்லை. தூரத்து ஊர்களுக்குப் போவதை நிறுத்தினோம். டிரைவர் சம்பளத்தைக் கேட்கவில்லை, ஆனால் வேறு இடத்தில் வண்டி ஓட்ட ஆள் தேடுகிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நான் பஸ்ஸில் போய் அந்த ஒருவருக்கு மட்டும் கட்டினேன். மற்றவர்களுக்கு யார் கட்டினார்கள் என்று நினைக்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் மனைவி என்னிடம் ஒன்றும் பேசவில்லை. ஊரில் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

இரவல் எஞ்சினில் வள்ளம் கடலுக்குப் போன வாரம், சனிக்கிழமை மாலை அவள் எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றாள். முந்தானையின் முடிச்சை அவிழ்த்தாள். வள்ளத்து ஆட்கள் பேசி முடித்துவிட்டார்களாம். ஜீப்புக்குப் பங்கு கிடையாது, கடலுக்கு வராதவர்களுக்குப் பங்கு கொடுக்கும் வழக்கம் இல்லையாம். ஆனால் கடலுக்கு வந்து அடிபட்டவன் உயிரோடு இருக்கும்வரை அவன் பங்கை நிறுத்தக் கூடாதாம். அவன் கிடப்பில் இருப்பதால் நட்டமும் அவன் தலையில் ஏறாதாம். அவள் கையில் இருந்தது அவள் கணவரின் பங்கு. அதைச் சரிபாதியாகப் பிரித்து ஒரு பாதியை மேசைமேல் வைத்தாள். "இது ஜீப்புக்கு. அவரு தந்துவிட்டாரு" என்றாள்.

சிஸ்டர் அதைத் தொடவே இல்லை. நோயாளியின் வீட்டிலிருந்து எப்படி வாங்குவது என்று தவித்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. நான்தான் அதை எடுத்து ரசீது எழுதினேன். அவருடைய பெயரில் எழுதச் சொன்னாள், எழுதினேன். அடுத்தடுத்த வாரங்களில் மற்ற வள்ளங்களும் அதே வழிக்கு வந்தன. எந்த ஊரில் பார்த்தாலும் வள்ளத்தில் அடிபட்டுக் கிடப்பவர் ஒருவராவது இருந்தார், நாங்கள் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான். நின்றுபோன பங்குகள் திரும்ப ஓட ஆரம்பித்தன, அதில் ஒரு பகுதி ஜீப்புக்கு வந்தது. முன்பு வந்ததைவிடக் குறைவு. ஆனாலும் இத்தனை வருடத்தில் ஒரு சனிக்கிழமைகூட முற்றிலும் வறண்டதில்லை. சபைத் தலைமையிலிருந்து சிஸ்டருக்கு மாற்றல் வந்தது. வடக்கே ஏதோ ஒரு மலை ஊர். எஞ்சின் விவகாரம்தான் காரணம் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அவர் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

இப்போது ஜீப்பின் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. முன்பு அவரை அனுப்பிய பயிற்சிக்கு இப்போது என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். உங்கள் மாதிரியைப் படமாக வரைந்து காட்டுங்கள் என்று கேட்கிறார்கள், எனக்கு வரையத் தெரியவில்லை. போன மாதம் ஒரு பெரிய கம்பெனியின் சமூகநலப் பிரிவு எங்களுக்குப் புது வண்டி தர முன்வந்தது. டீசல் செலவும் அவர்களுடையது. வண்டியில் அவர்கள் பெயர் எழுத வேண்டும், சரி. இன்னொரு நிபந்தனையும் இருந்தது. நோயாளிகளின் குடும்பத்திடம் நாங்கள் வாங்குவதை நிறுத்த வேண்டும். ஏழை நோயாளியிடம் பணம் வாங்கும் சேவைக்கு உதவினோம் என்று அவர்களால் அறிக்கையில் போட முடியாதாம். செயற்குழுவில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான், பொய் சொல்வானேன். எங்கள் ஜீப்பில் ஏறினால் முதுகெலும்பு கழன்று கையில் வரும்.

கம்பெனியிலிருந்து வந்த அதிகாரி தன்மையான இளைஞர். ஒரு நோயாளியைப் பார்க்க வேண்டும் என்றார். எண்பதைத் தொடும் பொருளாளரும் கூட வந்தார். அந்த வீட்டுக்குத்தான் கூட்டிப்போனேன். எங்கள் நோயாளியின் தலை நரைத்திருந்தது, பழைய புண் இருந்த இடம் தழும்பாகிக் காய்ந்திருந்தது. நான் ட்யூப் மாற்றிக்கொண்டிருந்தேன். அதிகாரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இனிமேல் நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை ஐயா, எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பணிவாகச் சொன்னார். மனைவி கதவோரத்தில் நின்றபடி கணவரைப் பார்த்தாள்.

அவர் அதிகம் பேசாத மனிதர்.

"சனியாச்ச பங்கு வைக்கயில இன்னும் எனக்க பேரையும் விளிக்காவ" என்றார். "அதுல பாதிய நான் ஜீப்புக்கு விடுகேன். ஒங்க வண்டி வரட்டு மக்கா, நல்லதுதான். ஆனா நான் குடுக்கத மட்டும் நிறுத்தாதிய. அதையும் நிறுத்திட்டா நான் வெறும் சீக்காளியா ஆயிருவேன்."

அதிகாரி பொருளாளரைப் பார்த்தார். கம்பெனி விதியை மாற்றும் அதிகாரம் தனக்கு இல்லை என்று மெதுவாகச் சொன்னார். பொருளாளர் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். நோயாளியின் பணத்தில் ஒரு பைசா தவறிப் போகக் கூடாது என்று அன்றைக்குக் குரல் நடுங்கியவர், அதே நடுக்கத்தோடு அந்தப் பையனின் தோளில் கை வைத்து, "வண்டி வேண்டாம் தம்பி" என்றார். நான் ட்யூபை இணைத்து முடித்தேன். பிறகு அவருடைய மனைவியும் நானுமாக அவரைச் சுவர்ப் பக்கம் புரட்டிப் படுக்கவைத்தோம். அடுத்த வீட்டில் ஒரு கிழவி காத்திருந்தாள். டிரைவர் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.